பாட்டு வீடியோ ஷூட்டிங்கில் டிரம்மர் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறார்?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு டிரம்மர். அவருடைய பேண்டின் முதல் வீடியோவுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் ஷூட்டிங். போனில் எடுத்துப் பார்த்த சோதனையில் பாடுபவரும் கிட்டார் வாசிப்பவரும் சரியாக இருக்க, இவருடைய கை மட்டும் பாட்டோடு ஒட்டவில்லை. டிரம் மேல் தண்ணீர் தெறிக்க வேண்டும், கோரஸ் முழுக்க ஸ்லோ மோஷன் வேண்டும் என்கிறார் இயக்குநர். கூட இருப்பவர்களோ, "சத்தம் வராமல் அடிக்கிற மாதிரி பாவனை பண்ணு, போதும்" என்கிறார்கள். என்னென்ன சொதப்பும், எப்படித் தவிர்ப்பது என்று கேட்டிருக்கிறார். கேள்வியின் அடியில் இருப்பது, அன்றைக்கு அடிப்பதா, அடிப்பதுபோல் நடிப்பதா என்பதுதான். அடிக்க வேண்டும் என்பது என் பதில். மற்ற ஏற்பாடெல்லாம் நிஜமாகவே அடிக்க வசதி செய்து தருவதற்குத்தான்.

டிரம்மர் மட்டும் மாட்டுவதற்குக் காரணம் எளிது. பாடுபவரின் உதடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முடியோ மைக்கோ மறைத்துவிடும். கிட்டாரின் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பதால் எந்த நொடியில் கம்பி தொட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்டிக் ஸ்னேரில் (மடிக்கு முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) விழும் கணம் கண்ணுக்கு ஒரு புள்ளி, காதுக்கும் ஒரு புள்ளி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால் இசை தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஷூட்டிங்கில் டிரம்மருக்கும் அப்படித்தான்: சத்தமாக அடித்தால் மற்றவர்களுக்குப் பாட்டு கேட்காது, மெதுவாக அடித்தால் படத்தில் பொய் தெரியும்.

பாவனையில் என்ன தெரியும் என்றால், முதலில் சிம்பல் எனும் உலோகத் தட்டு. நிஜமாக ஓங்கி அடிபட்ட கிராஷ் சிம்பல் ஸ்டாண்டிலேயே ஊஞ்சல் மாதிரி ஆடும். அடுத்த அடி விழும்போது அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு அங்குலம் மேலேயே ஸ்டிக்கை நிறுத்தினால் சிம்பல் பொம்மை போல நிற்கும். இரண்டாவது, ஸ்டிக் திரும்பி வரும் விதம். ஹெட்டில், அதாவது டிரம்மின் தோலில், பட்டு எகிறுகிற ஸ்டிக் தானாக மேலே வரும். காற்றில் நிறுத்திய ஸ்டிக்கைக் கைதான் தூக்க வேண்டும். அந்த வித்தியாசம் மணிக்கட்டிலும் தோளிலும் அப்பட்டமாகத் தெரியும். எகிறல் இல்லாமல் நாள் முழுவதும் காற்றைக் குத்தினால் முழங்கை வலி வந்து சேரும் என்பது தனி.

ஆக, அடிக்கவும் வேண்டும், சத்தமும் குறைய வேண்டும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்குள் ஒரு தலையணையை அடிக்கும் ஹெட்டில் நன்றாக அழுந்தும்படி வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஸ்னேருக்கும் டாம்களுக்கும் (மற்ற டிரம்கள்) மேல் ஹெட்டைக் கழற்றி, உள்ளே வட்டமாக வெட்டிய ஃபோமை, கீழிருந்து மேல் ஹெட்டை லேசாகத் தொடும் உயரத்தில் வைத்து மூடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, எகிறலும் ஓரளவு மிச்சமிருக்கும். ஸ்னேரின் அடியில் சரசரக்கும் வயரை ஆஃப் செய்துவிடலாம். மேலே போடும் ரப்பர் பேட் படத்தில் தெரியும். மெஷ் ஹெட்டின் வலை க்ளோஸ்-அப்பில் காட்டிக்கொடுக்கும், எகிறலும் அளவுக்கு மீறி இருக்கும். சிம்பலுக்கு, அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நான்கைந்து பட்டை காஃபர் டேப் (ஷூட்டிங்கில் பயன்படும் துணி டேப்) ஒட்டினால் நீளமான ரீங்காரம் குறையும், ஆட்டம் குறையாது. காஃபர் டேப்தான், சாதாரண டக்ட் டேப் வேண்டாம்; அதன் பசை விளக்குச் சூட்டில் உருகிச் சிம்பலோடு தங்கிவிடும். ஓட்டை போட்ட சத்தம் குறைந்த சிம்பல்கள் கிடைக்கின்றன. தூரத்து ஷாட்டுக்குப் பரவாயில்லை, கிட்டே வந்தால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். எவ்வளவு அடக்கினால் போதும் என்பது இடத்தின் எதிரொலியையும் ஸ்பீக்கரின் பலத்தையும் பொறுத்தது, அதற்குப் பொது அளவு கிடையாது. முதல் நாளே அங்கே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவதுதான் ஒரே வழி.

இப்போது உங்கள் சோதனையில் கை ஏன் ஒட்டவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் தாளம் தப்பியிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஒலி காற்றில் 1 மீட்டர் போக ஏறக்குறைய 2.9 மில்லி செகண்ட் எடுக்கிறது. ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 2 மீட்டரிலும், போன் 15 மீட்டரிலும் இருந்தால் இருவருக்கும் கேட்பதில் ஏறக்குறைய 38 மில்லி செகண்ட் வித்தியாசம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லி செகண்ட். எடிட்டர் போனில் பதிவான சத்தத்தை வைத்துப் பாட்டைப் பொருத்தினால் நீங்கள் கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம் முந்தி அடிப்பதுபோல் தெரிவீர்கள். இது சின்னத் தப்பு. பெரிய தப்பு ப்ளூடூத் ஸ்பீக்கர். பெரும்பாலான ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் உண்டு, கருவிக்குக் கருவி மாறும். கேமராவுக்கு நேரடியாக ஒயரில் பாட்டைக் கொடுத்து, உங்களுக்கு மட்டும் ப்ளூடூத்தில் கொடுத்தால் நீங்கள் மூன்று நான்கு ஃப்ரேம் பின்தங்கியே வாசிப்பீர்கள், எத்தனை டேக் எடுத்தாலும் சரி.

எவ்வளவு விலகினால் கண்ணுக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரை, ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லி செகண்டிலும், பிந்தினால் சுமார் 125 மில்லி செகண்டிலும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள் என்கிறது. அது தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சொன்னது. ஸ்னேர் அடிக்கு அந்தச் சலுகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது. நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதில் உறுதியான ஒரு விஷயம் இருக்கிறது. ஒலி முந்துவதைத்தான் கண் சகிக்காது, பிந்துவதைப் பொறுத்துக்கொள்ளும். தூரத்தில் கைதட்டுகிறவரைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப்போன ஒன்று அது. சரியாக எந்த ஃப்ரேம் என்று எடிட்டருக்குச் சந்தேகம் வந்தால் அடி ஒரு ஃப்ரேம் முன்னே தெரியட்டும், பின்னே வேண்டாம்.

இதையெல்லாம் ஒரே செய்கையால் கடந்துவிடலாம். பிளேபேக் ஃபைலில், அதாவது ஷூட்டிங்கில் ஒலிக்கவிடும் பாட்டு ஃபைலில், பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் க்ளிக் (தாளம் எண்ணும் 'டிக்' சத்தம், பாருக்கு நாலு) வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் எட்டு. முதல் நாலைக் கேளுங்கள். அடுத்த நாலுக்கும் இரண்டு ஸ்டிக்கையும் தலைக்கு மேலே, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, ஒன்றோடொன்று தட்டுங்கள். எடிட்டர் ஒலிப்பதிவைப் பார்க்கவே வேண்டாம். ஸ்டிக்குகள் முட்டும் ஃப்ரேமைப் பாட்டு ஃபைலில் இருக்கும் அந்த க்ளிக்கின் மேல் வைத்தால் போதும். ஸ்பீக்கர் தூரம், ப்ளூடூத் தாமதம் எல்லாமே அதில் கழிந்துவிடும், ஏனென்றால் அந்தத் தாமதத்தோடுதான் நீங்கள் தட்டினீர்கள். நாலு தட்டு எதற்கு என்றால், ஒன்று முன்னே பின்னே போனாலும் மற்ற மூன்றும் சொல்லும். நேரத்தை எண்ணில் காட்டும் டைம்கோட் ஸ்லேட் இருக்கிற பெரிய யூனிட்டிலும் இதை விடாதீர்கள், காசா பணமா.

பிளேபேக் ஃபைலைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடைசியாக முடிவான மிக்ஸ் மட்டும்தான் ஷூட்டிங்குக்குப் போக வேண்டும். "டெம்போவை ஒரு பொடி ஏற்றிவிட்டோம்" என்று ஷூட்டிங்குக்குப் பிறகு யாராவது சொன்னால் எடுத்ததெல்லாம் வீண். வேவ் ஃபைலாக எடுத்துப் போங்கள். எம்பி3-யில் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துகொள்ளும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவான ஃபைலை 48 என்று நினைத்து ஏதாவது கருவி ஓட்டினால் பாட்டு 8.8 சதவீதம் வேகமாகும், 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு ஏறியிருக்கும் என்பதால் பாடுபவர் கண்டுபிடித்துவிடுவார். நொடிக்கு 23.976 ஃப்ரேமா, 24 ஃப்ரேமா என்று நடக்கும் குழப்பத்தைத்தான் யாரும் காதால் பிடிக்க முடியாது. அந்த 0.1 சதவீத வித்தியாசம் 4 நிமிடத்தில் கிட்டத்தட்ட 6 ஃப்ரேமாகச் சேரும். முதல் வரியில் ஒட்டி, கடைசிக் கோரஸில் நழுவும். கேமராவும் எடிட் ப்ராஜெக்ட்டும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று ஷூட்டிங்குக்கு முன்னால் யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம். பாட்டை முழுசாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், இரண்டாவது சரணத்திலிருந்து, பிரிட்ஜிலிருந்து, கடைசிக் கோரஸிலிருந்து தொடங்கும் ஃபைல்களையும் தனித்தனிக் க்ளிக்கோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவில் டிரம் நின்று, எல்லாம் அமைதியாகி, மறுபடி 'டம்' என்று விழும் இடம் இருந்தால் அந்த அமைதிக்குள்ளும் க்ளிக் ஓட வேண்டும். அங்கேதான் அதிகம் பேர் வழுக்குவார்கள்.

அடுத்தது, உங்கள் சொந்த வாசிப்பையே மனப்பாடம் செய்வது. இது கேலி இல்லை. ஸ்டுடியோவில் மூன்று டேக்கை வெட்டி ஒட்டியிருப்பார்கள், கோரஸ் கிராஷைப் பிறகு சேர்த்திருப்பார்கள், சில இடத்தில் கம்ப்யூட்டரில் போட்ட ஸ்னேர் இருக்கும். இறுதி மிக்ஸை ஹெட்போனில் கேட்டு ஒவ்வொரு கிராஷும் எங்கே, இடதா வலதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். மிக்ஸில் ரைடு (வலக்கைப் பக்கத்துப் பெரிய சிம்பல்) இடது காதில் கேட்டால் அது பார்வையாளர் பக்கத்திலிருந்து அமைத்த மிக்ஸ் என்று அர்த்தம், குழம்ப வேண்டாம். இரண்டு கையால் வாசிக்கவே முடியாத இடம் வந்தால், காதில் தூக்கலாகக் கேட்பதை வாசியுங்கள், பின்னால் கேட்கும் ஹை-ஹேட்டை (இடப்பக்க ஜோடிச் சிம்பல்) விட்டுவிடுங்கள். ஃபில்லில், அதாவது வரிகளுக்கு நடுவே வரும் உருட்டலில், எந்தக் கை முதலில் என்பதை முடிவு செய்து எல்லா டேக்கிலும் அதையே பிடியுங்கள். எடிட்டர் இரண்டாவது டேக்கிலிருந்து ஏழாவது டேக்குக்கு ஃபில்லின் நடுவில் வெட்டுவார். முதல் பாதியில் ஃப்ளோர் டாமுக்குப் போன வலது கை, மறு பாதியில் ஸ்னேரில் இருந்தால் அந்த வெட்டு பிசிறடிக்கும். கோஸ்ட் நோட்டை (அரைகுறையாகக் கேட்கும் மெல்லிய அடி) விட்டுவிடலாம், கேமராவுக்கு அது தெரியாது.

ஸ்லோ மோஷனுக்குக் கணக்கு எளிது. எடுக்கும் ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டும் ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுத்தால் பிளேபேக்கின் வேகம். 24-இல் காட்டப்போகும் வீடியோவுக்கு 48-இல் எடுத்தால் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். உதடும் கையும் அந்த வேகத்தில் அசைந்தால்தான், மெதுவாக்கிய பிறகு அசல் பாட்டோடு சேரும். பாடுபவருக்கு அது நாக்கு சுளுக்கும் வேலை, ஆனால் முடியும். டிரம்மருக்கு? டெம்போ நிமிடத்துக்கு 120 பீட் என்றால் 240 ஆகும். ஒரு பீட்டுக்கு நாலாக விழும் 16-ஆம் பாக அடிகள் நொடிக்கு 8 இருந்தது 16 ஆகும். ஒரு கோரஸ் முழுக்க அப்படி வாசிக்க யாராலும் ஆகாது. எனவே இயக்குநரிடம் மூன்று வழிகளைச் சொல்லுங்கள். 30-இல் எடுத்தால் பாட்டு 125 சதவீதம்தான். டெம்போ 150, வாசித்துவிடலாம், படத்தில் ஒரு மிதப்பும் கிடைக்கும். 36-இல் எடுத்தால் 150 சதவீதம், டெம்போ 180. ஹை-ஹேட்டைப் பாருக்கு எட்டு அடியிலிருந்து நாலாகக் குறைத்து, கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் சரியாகப் பிடித்தால் பலரால் முடியும், உங்களால் முடியுமா என்பதை வீட்டில் க்ளிக் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வேண்டும் என்றால் ஒட்டவேண்டிய கட்டாயமே இல்லாத ஷாட்டாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஒரே ஒரு கிராஷ், தெறிக்கும் தண்ணீர், பறக்கும் முடி. அடி ஒன்றுதான் என்பதால் எடிட்டர் அதை எந்த பீட்டிலும் வைக்கலாம். வேகம் மாற்றிய ஃபைல்களை முன்கூட்டியே செய்து, பெயரிலேயே சதவீதத்தை எழுதி வையுங்கள். ஸ்பாட்டில் செய்தால் யாராவது 125-க்குப் பதில் 120 போடுவார்கள்.

ஷட்டர், விளக்கு விஷயம் ஒளிப்பதிவாளருடையது, கொஞ்சமாகச் சொல்கிறேன். 24 ஃப்ரேமுக்கு 1/48 ஷட்டரில் ஸ்டிக் விசிறி போல் கலங்கித் தெரியும், அதுதான் பழகிய தோற்றம். 1/200-க்குப் போனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஸ்டிக் கூர்மையாக நின்று, கை தத்தித் தத்திப் போவதுபோல் இருக்கும். சில கேமராக்களில் வேகமாகப் போகும் ஸ்டிக் ரப்பர் மாதிரி வளைந்து தெரியும். சென்ஸார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வருவது அது, உங்கள் தவறு இல்லை.

தரையை யாரும் யோசிப்பதில்லை, அதனாலேயே அதிக டேக் அங்கே பாழாகும். ஒவ்வொரு மிதிக்கும் கிக் டிரம் முன்னால் நகரும். வழவழப்பான தரையில் ஒரு பாட்டுக்குள் ஒரு சாண் போய்விடும், ஹை-ஹேட்டுக்கும் ஸ்னேருக்கும் நடுவில் நீங்கள் நீட்டிப் படுக்க வேண்டியதுதான். கம்பளம் போட்டால் மட்டும் போதாது. உங்கள் ஸ்டூலும் அதே கம்பளத்தின் மேல் இருக்க வேண்டும். உங்கள் எடைதான் அந்தக் கம்பளத்தைப் பிடித்து நிறுத்துகிறது. கம்பளம் படத்தில் தெரியக்கூடாது என்றால் ஒரு பட்டையை எடுத்து, கிக்கின் முன்கால்களிலிருந்து ஸ்டூலின் கால் வரைக்கும், கிக்குக்கு அடியிலேயே இறுக்கிக் கட்டிவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, நகரவும் நகராது. மணலில் வைத்தால் ஸ்டாண்ட் கால்கள் ஒவ்வொன்றாகப் புதையும், சிம்பல் மெல்லச் சாயும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை இரண்டு மீட்டர் சதுரத்துக்குப் பரப்பி, அதன் மேல் மணலைத் தூவிக்கொள்ளலாம். உயரமான மேடைப் பலகையில் உட்கார வைத்தால் ஸ்டூலுக்குப் பின்னால் விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்தே ஆக வேண்டும். கடைசி அடியில் உற்சாகமாகப் பின்னால் சாய்கிறவர்களுக்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பைக் காப்பாற்றுவது. காற்றடிக்கும் திறந்தவெளியில் சிம்பல் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். பூம் ஸ்டாண்டின் (சாய்வாகக் கை நீட்டிய ஸ்டாண்ட்) ஒரு கால் சிம்பல் நீட்டியிருக்கும் திசையிலேயே இருக்கட்டும், அந்தக் காலில் ஒரு மணல் மூட்டை.

முகம் தெரியவில்லை என்று சிம்பலை இறக்கச் சொல்வார்கள், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை அகலம் இறக்கலாம், தப்பில்லை. ஆனால் இறக்கும்போது சாய்வையும் உங்கள் பக்கம் திருப்புங்கள். தட்டையாகத் தாழ்ந்து நிற்கும் சிம்பலின் விளிம்பை ஸ்டிக்கின் உடல் வெட்டுவதுபோல் அடித்தால் சிம்பலும் கீறும், ஸ்டிக்கும் சிலும்பும். மேலே பிடிக்கும் விங் நட்டை இறுக்கிச் சிம்பலை அசையாமல் செய்வதும் அதே கதிதான். ஆட்டம் போனால் படத்திலும் உயிர் இருக்காது.

கேமராமேன் கிட்டே வருவார். 5ஏ எனும் வழக்கமான அளவு ஸ்டிக் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், கையோடு சேர்த்தால் உங்கள் எல்லை ஒரு மீட்டரைத் தாண்டும். கிராஷ் அடிபட்டு மேலெழும் விளிம்பும் ஒரு ஆயுதம். பின்னாலிருந்து தோளுக்கு மேலாக வருவது, ஃப்ளோர் டாமுக்கு வெளியிலிருந்து வருவது இரண்டும் ஓரளவு பாதுகாப்பு. கிராஷுக்கும் டாமுக்கும் நடுவில் லென்ஸை நுழைப்பது ஆபத்து. ஷாட்டை ஒருமுறை பாதி வேகத்தில், அடிக்காமல், கேமரா அசைவோடு ஒத்திகை பாருங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு க்ளியர் ஃபில்டர், கேமராமேன் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. உடையும் ஸ்டிக்கின் சிம்பு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டிக் ஒரே மாடலில், ஒரே நிறத்தில் ஆறு ஜோடி வேண்டும். கோட்டட் ஹெட்டை (வெள்ளைப் பூச்சுள்ளது) புத்தம் புதிதாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரே டேக்கில் நடுவில் சாம்பல் நிறத் தழும்பு விழும், அதற்கு முன் எடுத்த ஷாட்டில் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு வாரம் அடித்த ஹெட்டோடு போனால் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி தெரியும்.

தண்ணீர். 1950களின் பிற்பகுதியில் மைலார் எனும் பிளாஸ்டிக் ஹெட் வரும் வரை எல்லாம் கன்றுத்தோல், ஈரம் பட்டாலே தொய்ந்துவிடும். இன்றைய ஹெட்டுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. பாதிப்பு அதன் ஓரத்தில், ஹெட் உட்காரும் மர விளிம்பில். அங்கே பெரும்பாலும் கனமான பூச்சு இருக்காது, ஈரம் உறிஞ்சி உப்பும், ஒட்டுப்பலகை அடுக்குகள் பிரியும், திருகுகளும் ஸ்னேர் வயரும் துருப்பிடிக்கும். எனவே விலை குறைந்த பழைய டிரம் கிட் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள், இல்லையென்றால் அக்ரிலிக் உடம்பு. ஃப்ளோர் டாம் ஒன்று போதும், முழுக் கிட்டையும் நனைக்க வேண்டாம். 16 அங்குல ஹெட்டில் 130 மில்லி ஊற்றினால் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் ஊற்றினால் ஸ்டிக் எகிறாது, தண்ணீரும் எழாமல் பக்கவாட்டில் வழியும். டேக்குக்கு டேக் ஒரே அளவுக் குவளையால் ஊற்றினால் தெறிப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். தெறிப்பு தெரிவது பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தால்தான், முன் விளக்கில் தண்ணீர் இருப்பதே தெரியாது. மர நுனி ஸ்டிக் ஊறிச் சிதையும், நைலான் நுனி எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எனக்குத் தெரிந்த துறை இல்லை, ஆனால் இவ்வளவு சொல்ல முடியும்: தெறிக்கும் வட்டத்துக்குள் ஒரு ஒயரும் ஒரு ப்ளக்கும் இருக்கக்கூடாது, மின்கசிவில் தானே அணையும் பாதுகாப்பு இணைப்பு இருக்கிறதா என்று லைட் யூனிட்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். இந்த ஷாட்டை நாளின் கடைசியில் வையுங்கள். முடிந்ததும் அன்றிரவே ஹெட்டுகளைக் கழற்றித் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, திருகுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெயிலில் வைத்தால் உடம்பு கோணும்.

தண்ணீருக்குப் பதில் கலர்ப்பொடியோ மாவோ என்று பேச்சு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: காற்றில் மிதக்கும் மாவு தீப்பற்றக்கூடியது, சூடான விளக்குக்கோ தீக்கோ பக்கத்தில் அது வேண்டாம். சிம்பலில் எரிபொருள் ஊற்றிப் பற்றவைக்கும் யோசனை வந்தால் நேராக மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் எரியும் துளிகள் உங்கள் மடியில்தான் விழும். அது உரிமம் பெற்ற தீ நிபுணரின் வேலை, அதில் நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

உடம்பையும் காதையும் கணக்கில் எடுங்கள். 4 நிமிடப் பாட்டை 20 டேக் வாசித்தால் 80 நிமிடம் முழுப் பலத்தோடு அடித்திருப்பீர்கள், பல கச்சேரிகளை விட அதிகம். உங்கள் தனி ஷாட்டுகளைக் காலையிலேயே முடித்துத்தரச் சொல்லுங்கள். களைத்த கையின் அடி உயரம் குறைவதைக் கேமரா தவறாமல் பிடிக்கும். பிளேபேக் ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து அலறவிடுவது வழக்கம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதை அடைக்கும் இன்-இயர் இயர்போன் போட்டு, ஒயரைக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் விட்டால் க்ளிக்கும் தெளிவாகக் கேட்கும், வெளிச்சத்தமும் குறையும்.

பையில் இருக்க வேண்டியவை: டியூனிங் கீ இரண்டு, ஹை-ஹேட் கிளட்ச் ஒன்று, விங் நட், ஃபெல்ட், சிம்பல் ஸ்லீவ், ஸ்னேருக்கு ஓரிரு வாரம் அடித்த ஒரு மாற்று ஹெட், கறுப்பு காஃபர் டேப், துடைக்க மென்துணி. கிட் நிற்கும் இடத்தை ஒவ்வொரு காலுக்கும் டேப்பால் குறித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். மதியம் கிட்டை நகர்த்திவிட்டு "அதே இடத்தில் வை" என்பார்கள். பளபளக்கும் குரோமிலும் கிக்கின் முன் ஹெட்டிலும் கேமரா குழுவே தெரிந்தால் டிரம்மை இரண்டு மூன்று டிகிரி திருப்பினாலே பெரும்பாலும் போய்விடும். பெடல் கிறீச்சிட்டால் கவலை வேண்டாம், அது மன்னிக்கப்படும் ஒரே நாள் இதுதான்.

கிட்டைக் கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு முழு டேக்கை அங்கேயே லேப்டாப்பில் போட்டு, ஸ்டிக் தட்டிய ஃப்ரேமை க்ளிக்கில் வைத்து, இறுதி மிக்ஸோடு ஓட்டிப் பாருங்கள். முதல் கோரஸின் கிராஷையும் கடைசிக் கோரஸின் கிராஷையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் எடிட்டர் தள்ளி வைத்துச் சரிசெய்துவிடுவார், கிளம்பலாம். முதலாவது ஒட்டி, கடைசி விலகியிருந்தால் ஃபைல் வேகத்திலோ கேமராவின் ஃப்ரேம் எண்ணிலோ கோளாறு. கிட் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்து கடைசிக் கோரஸை மட்டும் மறுபடி எடுக்க அரை மணி நேரம் போதும்.